காரைக் கொடுத்தவருக்கும் கொலைத் தண்டனை

கொன்றது தண்டிக்கப்பட்டவர் இல்லை என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொள்கிறது. அப்படியும் கொலைக் குற்றத்துக்கான தண்டனை அசையாமல் நிற்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ள 'ஃபெலனி மர்டர்' சட்டத்தில் இதெல்லாம் சர்வ சாதாரணம். கொள்ளை போன்ற பெருங்குற்றம் நடக்கும்போது ஓர் உயிர் போய்விட்டால், அதில் பங்குள்ள எல்லோர் மீதும் கொலைப்பழி விழும். கொல்லும் எண்ணம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

2003இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில், விருந்து முடிந்த ஒரு விடியற்காலையில், 20 வயது இளைஞர் தன் அறை நண்பரிடம் காரைக் கொடுத்தார். கார் கொடுத்த இளைஞர் உடன் போகவில்லை. போனவர்கள் கஞ்சா விற்பவரின் வீட்டுப் பெட்டகத்தைத் திருடச் சென்று, அங்கிருந்த 18 வயதுப் பெண்ணை அடித்துக் கொன்றார்கள். திட்டம் தெரியும் என்று போலீஸிடம் சொன்ன இளைஞர், அதை விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்ததாகப் பிறகு கூறினார். ஜூரி நம்பவில்லை. பரோலே இல்லாத ஆயுள் தண்டனை! 2015இல் அதை 25 ஆண்டாகக் குறைத்தவர் ஆளுநர். நீதிமன்றம் அல்ல.

அதில் வியப்பில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிக்காது. கீழே சட்டப்படி நடந்ததா என்றுதான் பார்க்கும். இங்கே எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கிறது. கோளாறே சட்டத்தில் இருக்கும்போது வழக்கறிஞர் எதைப் பிடித்து வாதாடுவார்?

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 396ஆம் பிரிவும், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடிக்கையில் ஒருவர் கொன்றால் அனைவரையும் பொறுப்பாக்கியது. ஆயுளுக்குக் குறைவாகத் தண்டிக்கவும் அதில் இடம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கலிஃபோர்னியா 2018இல் சட்டத்தையே திருத்தியது. கொன்றவர், கொல்லும் எண்ணத்தோடு உதவியவர், குற்றத்தில் முக்கியப் பங்கெடுத்து மனித உயிரைத் துச்சமாக மதித்தவர் ஆகியோர்தான் இனி கொலைக்குப் பொறுப்பு. பணியிலிருந்த காவலர் கொல்லப்பட்ட வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த ஏற்பாடு: ஏற்கெனவே சிறையில் இருப்பவரும், தண்டித்த நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். மனுவில் முகாந்திரம் இருந்தால் விசாரணை நடக்கும். அங்கே, புதிய சட்டப்படியும் இவர் குற்றவாளி என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புடையது.

மகளைப் பறிகொடுத்த தாய் மறுபடியும் நீதிமன்றத்தில் வந்து உட்கார வேண்டுமா என்று கேட்கிறார்கள். அந்த வேதனைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கொன்றவருக்கு இந்த மனுவால் விடுதலை கிடைக்காது. கொலைப்பழி நீங்கினாலும் கொள்ளைக்கான தண்டனையை ஒருவர் அனுபவித்தே ஆக வேண்டும்.

என் கோபமெல்லாம் பாதி நீதி வழங்கும் தீர்ப்புகள் மீதுதான். மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1980இலேயே இந்தக் கோட்பாட்டைத் தூக்கி எறிந்தது. மாசசூசெட்ஸ் 2017இல் வெகுவாகச் சுருக்கியது. ஆனால் இரண்டு தீர்ப்புகளும் பழைய தண்டனைகளைத் தொடவில்லை. தவறு என்று நீதிபதிகளே கண்ட கோட்பாட்டின்படி உள்ளே போனவர், தீர்ப்புக்கு முந்தைய ஆண்டு விசாரிக்கப்பட்டார் என்ற ஒரே காரணத்துக்காக உள்ளேயே கிடக்க வேண்டுமாம். அவருக்கும் கலிஃபோர்னியாவில் உள்ளதுபோல ஒரு மனு வேண்டும். அதற்குச் சட்டமன்றம்தான் வழி செய்ய வேண்டும். ஆளுநரின் கருணைக்கு அதை விட்டுவிடக் கூடாது.