முற்றுகையும் சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்கும்

போர்ச் சொற்களைச் செய்தித்தாள்கள் மலினப்படுத்துகின்றன என்று ஒரு கட்டுரையாளர் தன் கட்டுரையில் வருந்துகிறார். நான் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன்.

'முற்றுகை'யை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம், கோட்டைப் போரைப் பற்றிய உழிஞைத் திணையில் அரணை 'முற்றலும் கோடலும்' என்கிறது: வளைத்துக்கொள்வது, பிறகு கைப்பற்றுவது. உள்ளே இருப்பவர்களுக்கு உணவு போகாமல் அடைப்பதுதான் அதன் கொடுமை. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரம் 1941 முதல் 1944 வரை 872 நாட்கள் அப்படிக் கிடந்தது. லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். இன்று குடிநீர் வராத ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு அலுவலக வாசலில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் அதுவும் முற்றுகைதான். இதில் எனக்கு வருத்தமே இல்லை. வளைத்து நிற்பது என்ற கரு அப்படியே இருக்கிறது. ஆயுதம் மட்டும் உதிர்ந்துவிட்டது. (போர்ப்படை தங்கிய 'பாசறை'யும் இப்படித்தான் கட்சிப் பயிற்சி முகாமாகிவிட்டது.)

என் கோபம் வேறு. 2016 செப்டம்பரில் எல்லை தாண்டிய தாக்குதலை ராணுவம் 'சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்' என்றது. குறித்த இலக்கை மட்டும் அடித்து, சுற்றியிருப்பவர்களுக்குச் சேதம் வராமல் பார்ப்பது என்பது அதன் பொருள். அதே ஆண்டு நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, கறுப்புப் பணத்தின் மீதான சர்ஜிக்கல் ஸ்ட்ரைக் என்று தலைப்பிட்டார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் முடங்கியது. கூலித் தொழிலாளி முதல் ஓய்வூதியர் வரை வங்கி வாசலில் நின்றார்கள். சொல்லின் பொருள் இங்கே விரியவில்லை, தலைகீழாகிவிட்டது. அந்தக் கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் தொட்டிருக்க வேண்டும்.