சனிக்கிழமை வேலை செய்யாத டாக்டர்

வெள்ளி இரவும் சனி பகலும் ஓய்வுநாள் என்று வேலைக்கு வராத யூத டாக்டர்களைக் கேலி செய்யும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "வெள்ளி சாயங்காலமானா லைட் ஸ்விட்சையே தொடமாட்டாங்களாம், நோயாளியைத் தொடுவாங்களா?" கீழே வரிசையாகச் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதி நம்ம ஊர் டாக்டர்கள்.

தொடுவார்கள் ஐயா. உயிருக்கு ஆபத்து என்றால், ஆபத்தோ என்று சந்தேகம் வந்தாலே, யூதர்களின் ஓய்வுநாள் சட்டம் விலகிவிடும். எகிப்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டே யூத மதச்சட்டங்களையும் தொகுத்த மைமோனிடிஸ், ஓய்வுநாளில் உயிர் காக்கும் இந்த வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் தள்ளிவிடாமல் பெரிய அறிஞர்களே செய்யவேண்டும் என்று எழுதியிருக்கிறார். அவர் இறந்தது 1204-இல். கூகுள் செய்யவா நேரமில்லை?

அப்புறம், சனிக்கிழமை வராமல் இருப்பது லீவு இல்லை. டூட்டி மாற்றிக்கொள்வது. நியூயார்க்கில் என்னோடு ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) செய்த யூதப் பெண்ணுக்கு வெள்ளி இரவும் சனி பகலும் டூட்டி கிடையாது; பதிலுக்கு ஞாயிறு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் அவர் தலையில். டிசம்பரில் அங்கே நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஓய்வுநாளும் தொடங்கிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை நோயாளிகளை அடுத்த டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் குளிர் கோட் மாட்டுகிறார், வார்டில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது. திரும்பி ஓடினார். நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்து, மூச்சுக்கு ட்யூப் போட்டு, ஐ.சி.யூ.வுக்கு அனுப்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஆபத்து முடிந்தால் சட்டம் திரும்ப வந்துவிடும், காரில் ஏறக்கூடாது. பையையும் போனையும் லாக்கரில் வைத்துவிட்டுப் பனிச்சேற்றில் நடந்தே வீட்டுக்குப் போனார். நான் ஊபர் போடுகிறேன் என்றதற்குச் சிரித்தார், அவ்வளவுதான்.

இவரா நோயாளியைத் தொடமாட்டார்?

"மதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாமே" என்பீர்கள். ராகுகாலம், எமகண்டம் பார்த்து சிசேரியனுக்கு நேரம் குறிப்பது யார்? ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் ஓ.பி. பார்த்த பேராசிரியர்களிடம்தானே படித்தோம்? அப்போது யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

இஸ்ரேல் அரசியலை இங்கே இழுக்காதீர்கள். அதற்குத் தனிப் பதிவு போடுங்கள், நானே வந்து திட்டுகிறேன். சின்ன டிபார்ட்மென்டில் மாற்றிக்கொள்ள ஆளுக்கு எங்கே போவது என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான். சரி, அதை அந்த டிபார்ட்மென்ட் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், உங்களுக்கு என்ன?

சிரித்த பெயர்களைப் பார்த்துத்தான் மனசு விட்டுப்போனது. தீபாவளிக்கு டூட்டி விழுந்தால் பண்பாடு, அடையாளம் என்று பக்கம் பக்கமாக மெயில் எழுதுகிறவர்கள். எழுதுங்கள், நானும் எழுதியிருக்கிறேன், தப்பே இல்லை. ஆனால் அடுத்தவர் கேட்டால் மட்டும் அது மூடநம்பிக்கையா?

இந்த வருஷ டூட்டி ரோஸ்டர் என் கையில்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் யாரெல்லாம் இன்பாக்ஸில் "அண்ணா" என்று வருகிறீர்கள் என்று பார்க்கத்தானே போகிறேன்.