ரோடியம் விலை இறங்காத உலோகமா?

‘ரோடியம் எப்போதும் தங்கத்தைவிட விலை உயர்ந்தது, இதுவரை இறங்கியதே இல்லை, தங்கம்போல் நினைத்தபோது விற்கலாம்’ என்று பரவும் தகவல் தவறானது.

2008-ன் நடுவில் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம், 10,000 டாலரை ஒட்டி விற்ற ரோடியம் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,000 டாலருக்கு விழுந்தது. 2016-ல் தங்கத்தைவிடவே மலிவாகக் கிடைத்தது. 2021 மார்ச்சில் 29,000 டாலரைத் தாண்டியதைச் சொல்பவர்கள், 2023-ல் அது 5,000 டாலருக்கும் கீழே போனதை ஏனோ சொல்வதில்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் சந்தையின் சிறுமை. பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினம் வெட்டும்போது துணைப்பொருளாகக் கிடைக்கிறது. ஆகவே ரோடியத்தின் விலை ஏறியது என்பதற்காக மட்டும் யாரும் புதுச் சுரங்கம் தோண்டுவதில்லை. வாங்குபவர்களில் பெரியவர்கள் வாகன உற்பத்தியாளர்கள். பெட்ரோல் கார்ப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாக மாற்ற, புகைக்குழாயில் பொருத்தும் வினையூக்கி மாற்றியில் அதைப் பூசுகிறார்கள்.

தங்கம்போல் விற்கலாம் என்பதும் சரியன்று. தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாலும் சாம்பல்நிறத் தூளாகவே விற்கப்படும் இந்த உலோகம் கடினமானது, உருகுநிலை 1,964 பாகை செல்சியஸ் என்பதால் கட்டியாக வார்ப்பதும் எளிதல்ல. விற்கும் விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். வெள்ளைத் தங்க மோதிரத்தில் மின்னுவதும் ரோடியம்தான். ஆனால் அந்தப் பூச்சு பொதுவாக ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவு, எடை சில மில்லிகிராம், தேய்ந்தால் மறுபடி முலாம் பூச வேண்டும்.