துட்டி வீட்டில் எண்ணெய்ச் சட்டி

அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், ஒரு வருஷம் பலகாரம் சுடக் கூடாது என்பார்கள். தீபாவளிக்கு முந்தின நாள், பலகார வேலைக்கு நடுவில் அம்மா சிரிக்கிற போட்டோ ஒன்றை ஃபேஸ்புக்கில் போட்டேன். அதைக் குறை சொல்லி ஒரு கமெண்ட் வந்தது. அந்த போட்டோவுக்குக் கீழே என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. அந்த கமெண்ட்டை எழுதியவரே நீக்கிவிட்டார். ஆனால் அதே வாசகம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்படியே கிடக்கிறது. ஆமோதித்துச் சிலர் கும்பிடும் கைகளை வேறு போட்டிருக்கிறார்கள். “வருஷம் திரும்பல. அதுக்குள்ள எண்ணெய்ச் சட்டி வச்சாச்சு. சிரிப்பு வேற.”

எண்ணெய்ச் சட்டியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தச் ‘சிரிப்பு வேற’ என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஆமாம், அம்மா சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு முந்திரிக்கொத்துக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தோம். திருநெல்வேலிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். பாசிப்பயறை வாசம் வர வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்து, வெல்லப்பாகு காய்ச்சி, தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் போட்டு உருட்டி, அரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விட வேண்டும். எங்கள் வீட்டில் மில்லுக்குப் போவது எப்போதும் அப்பாதான். “இதுக்கு முன்னால என்ன அரைச்சீங்க?” என்று மில்காரரிடம் கேட்காமல் தூக்குவாளியைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டார். மிளகாய் அரைத்திருந்தால், அதற்கப்புறம் வேறு யாராவது கோதுமையோ அரிசியோ அரைக்கும் வரை அங்கேயே நிற்பார். ஒரு வருஷம் அப்படி நின்று, மிளகாய் நெடியில் தும்மித் தும்மிக் கண் சிவந்து வீட்டுக்கு வந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி, எங்கள் வீட்டில் ஏதோ சண்டை, இவர் அழுதுவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டு அம்மாவைத் திட்டினார்களாம். அதைச் சொல்லித்தான் அம்மா சிரித்தாள். அவரைப் பற்றிப் பேசித்தான் சிரித்தாள்.

அப்பாவை மறந்துவிட்டுச் சிரித்தது போலவா இருக்கிறது இது? அந்த ஒரு சிரிப்பில் அவர் இருந்த அளவுக்கு, பதினாறாம் நாள் வந்து உட்கார்ந்துவிட்டு அப்பளம் நமத்துப்போனதைப் பற்றிப் பேசியவர்களின் துக்கத்தில் அவர் இருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். சாவு விழுந்த வீட்டில் பண்டிகை நடப்பது, போனவரை மறந்துவிட்டதற்கு அடையாளம் இல்லை. எங்கள் வீட்டில் அது நேர்மாறு. அவர் அதிகமாக இருந்த நாளே தீபாவளிதான். விடியக்காலம் எழுந்து கொல்லையில் வெந்நீர் போடுவது அவர். ஒவ்வொருவர் உச்சந்தலையிலும் நல்லெண்ணெயை வைத்து அடித்துவிட்டு, கறிக்கடை வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்பதும் அவர். இட்லி அவிந்து முடிவதற்குள் கறி வந்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு பந்தயம் மாதிரி. அந்த நாளை வீட்டிலிருந்து எடுத்துவிட்டால் அவரை நாங்கள் எங்கே போய்த் தேடுவது?

சரி, மரபு மரபு என்கிறீர்களே, மரபிலிருந்தே பேசுவோம். சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோமே, அது யாருக்காக? ஊரெல்லாம் சொல்லும் கதையில் அது நரகாசுரன் செத்த நாள். பூமாதேவியின் பிள்ளை அவன். தான் சாகும் நாளை உலகம் விளக்கேற்றிக் கொண்டாட வேண்டும் என்று அவனே கேட்டான் என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயே அந்த வரத்தைக் கேட்டாள் என்று சொல்கிற வீடுகளும் உண்டு. எங்கள் ஆச்சி அப்படித்தான் சொல்வாள். என் பிள்ளை போன நாளில் ஊர்ப் பிள்ளைகள் அழக் கூடாது என்று ஒரு தாய் கேட்டதாகச் சொல்லப்படும் பண்டிகையை, துக்கத்தின் பேரைச் சொல்லி நிறுத்தச் சொல்கிறீர்கள்.

அதோடு, தீபாவளி அன்று போனவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைக்கிற பழக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. வேட்டியும் சேலையும் மஞ்சள் தொட்டுப் படத்துக்கு முன்னால் வைத்து, பலகாரமும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வீட்டில் இருப்பவர்கள் புதுசு உடுத்துவார்கள். ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை, தை அமாவாசை என்று வருஷம் முழுக்கப் போனவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறோம். பாளையங்கோட்டையில் என்னோடு படித்த கத்தோலிக்கத் தோழியின் வீட்டில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் குடும்பமாகப் போய்க் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். அடுத்த மாதம் அதே வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும். மெக்சிகோவில் ‘இறந்தவர்களின் நாள்’ என்ற பண்டிகையில், இறந்துபோனவர்களுக்குப் பிடித்த பண்டங்களையே செய்து பலிபீடத்தில் வைக்கிறார்கள். யுனெஸ்கோ அதை 2008 இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. போனவர்களைப் பந்தியில் உட்கார வைக்கிற வழக்கம் மனிதர்களுக்கு எங்கேயும் இருக்கிறது.

இப்போது சிலர் கேட்பார்கள். ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா, அதுகூட அவருக்குச் செய்யக் கூடாதா என்று. இது நியாயமான கேள்வி. இதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருஷம் பலகாரம் சுட வேண்டாம் என்று வைத்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அடுப்பை மூட்டவே முடியாமல் இருக்கிறவளிடம் போய் அதிரசம் எங்கே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்க வேண்டும். பலகாரம் சுடாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் தூக்கில் கொண்டுவந்து கொடுப்பது எவ்வளவு நல்ல வழக்கம்! எங்களுக்கும் கொண்டுவந்தார்கள். நாங்களும் திருப்பிக் கொடுத்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். அத்தை இந்த வருஷம் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை, புதுசு உடுத்தவில்லை. கூடப் பிறந்தவள். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடியாதவர்களுக்காக வைத்த சலுகையை, முடிகிறவர்களுக்குத் தண்டனையாக மாற்றாதீர்கள் என்கிறேன்.

எங்கள் அப்பாவின் கதை உங்களில் பலருக்குத் தெரியாது. அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். பள்ளிக்கூடம் படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார், ஐப்பசி மாதம், தீபாவளியை ஒட்டி. அதோடு அந்த வீட்டில் தீபாவளி விட்டுப்போயிற்று. பண்டிகை நாளில் சாவு விழுந்தால், அதே நாளில் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறக்கிற வரை, இல்லையென்றால் தொழுவத்தில் கன்றாவது போடுகிற வரை, அந்தப் பண்டிகையைத் தொடாத குடும்பங்கள் உண்டு. கன்றும் பிறக்கவில்லை, பிள்ளையும் பிறக்கவில்லை. தெருவெல்லாம் வெடிச் சத்தம் கேட்கும்போது அப்பாவும் அத்தையும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்களாம். அடுத்த வீட்டிலிருந்து வந்த சுசியத்தை ஒளித்து வைத்துத் தின்றதை அப்பா சொல்லும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். பெரியப்பாவின் பெயரைக்கூட அந்த வீட்டில் எடுக்க மாட்டார்களாம். நினைவு வைத்துக்கொள்வதற்காக நிறுத்திய பண்டிகை, பெயரையும் சேர்த்து அழித்துவிட்டது. அவருக்கு என்ன பிடிக்கும், எப்படி ஓடுவார், யார் சாடை என்று கேட்டால் இன்று அத்தைக்குக்கூடச் சொல்லத் தெரியவில்லை.

அதனால்தான் கல்யாணம் ஆன பிறகு அப்பா தீபாவளியைப் பிடித்துத் தொங்கினார். அம்மாவிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். “எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பிள்ளைகளக் கதவடைச்சு உட்கார வச்சிராத.” இதை அம்மா எங்களிடம் சொன்னது இந்தப் புரட்டாசியில்தான். அதன் பிறகும் நாங்கள் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

‘அதெல்லாம் சரி, வீட்டுக்குள் செய்துகொள்ளுங்கள், ஏன் ஃபேஸ்புக்கில் போட வேண்டும்’ என்று கேட்பவர்களுக்கு: அப்பாவின் இறப்புச் செய்தியையும் இங்கேதான் போட்டேன். அதற்கு நீங்கள் யாரும் ‘வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லவில்லை. எங்கள் அழுகைக்கு இடம் இருக்கிற இடத்தில் எங்கள் சிரிப்புக்கும் இடம் இருக்கிறது.

சிரிப்பைப் பற்றி ஒரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற உளவியலாளர்கள் 1997 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதம் ஆனவர்களை உட்கார வைத்து, இழந்த துணையைப் பற்றியே பேசச் சொல்லி, முகத்தில் என்னென்ன வந்து போகிறது என்று பார்த்தார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவிலும் கண்ணும் சேர்ந்து மலர நிஜமாகச் சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் வேதனை குறைவாக இருந்தது, மற்றவர்களோடு உறவும் நன்றாக இருந்தது. ஆறு மாதத்தில்! அவர்களில் யாரையும் வருஷம் திரும்பட்டும் என்று காக்க வைக்கவில்லை. இந்த ஆராய்ச்சி இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். அன்று இரவு, பல மாதங்களுக்குப் பிறகு, மாத்திரை போடாமல் அம்மா தூங்கியதை நான் பார்த்தேன்.

கமெண்ட்டில் இன்னொன்றும் இருந்தது. நான் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். ‘அரக்குச் சேலை’ என்று ஒரு வார்த்தை. அம்மா கட்டியிருந்தது அப்பா எடுத்துக் கொடுத்த சுங்குடிச் சேலை, அரக்கு நிறம். அப்போது எனக்குப் புரிந்தது, பிரச்சினை எண்ணெய்ச் சட்டியும் இல்லை, வருஷமும் இல்லை. வருஷம் திரும்பினால் மட்டும் அந்தச் சேலையை விட்டுவிடுவீர்களா?

எங்கள் சொந்தத்தில் மனைவியை இழந்த மாமா ஒருவர் இருக்கிறார். அதே வருஷம் ஒரு காதுகுத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி போட்டோவுக்கு நின்றார். எல்லோரும் ‘மனசைத் தேத்திக்கிட்டாரு, நல்லாருக்கட்டும்’ என்றோம். நானும் அதையேதான் சொன்னேன், மனசாரச் சொன்னேன். அந்த ‘நல்லாருக்கட்டும்’ அம்மாவுக்கு ஏன் வரவில்லை? அதை எழுதியவரும் ஒரு பெண். அது இன்னும் வலிக்கிறது.

இது எங்கள் குடும்பத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. ஈரோடு மாவட்டம் நம்பியூர் வட்டத்தில், கோயில் பூசாரியாக இருந்தவரின் மனைவி, அவர் இறந்த பிறகு அதே கோயிலின் ஆடித் திருவிழாவுக்குப் போக முடியாமல் 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இதெல்லாம் ஆண் தன் வசதிக்கு வகுத்துக்கொண்ட விதிகள், கணவன் இருக்கிறானா இல்லையா என்பதை வைத்து ஒரு பெண்ணின் மதிப்பு மாறாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொல்லி, அவர் திருவிழாவில் கலந்துகொள்ள வழி செய்தார். அதற்கு முந்தின வருஷம் மே மாதம், மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமத்துப் பஞ்சாயத்து, தாலியறுப்பது, வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது எல்லாவற்றையும் இனி செய்வதில்லை என்று தீர்மானம் போட்டது. மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றச் சொல்லி மாநில அரசு அதே மாதம் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு கிராமத்துப் பஞ்சாயத்துக்கு வந்த மனசு, எங்கள் குடும்பக் குழுவுக்கு வராதா?

கார்த்திகைக்கு அம்மா வாசலில் விளக்கு வைப்பாள். பொரி உருண்டை பிடிப்பாள். பொங்கலுக்குப் பானை வைப்பாள். எந்த நிறச் சேலை என்பது அவள் பாடு. என்மேல் கோபம் இருப்பவர்கள் என்னிடம் சண்டை போடுங்கள், தாங்கிக்கொள்வேன். அம்மாவின் போனுக்கு ஒரு வரியும் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, அந்த போட்டோவுக்குப் பிறகு உள்பெட்டிக்கு வந்தவர்களுக்கு. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். ஒரு தங்கை கேட்டிருந்தாள், தம்பி போன பிறகு வருகிற முதல் பொங்கல், அவன் பிள்ளை இப்போதே கரும்பு கேட்கிறான், வாங்கக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று. வாங்கிக் கொடும்மா. ஒரு கட்டாகவே வாங்கு. பானை வைக்க வேண்டாம் என்று உன் அம்மா சொன்னால், அது அவர்களுடைய துக்கம், மல்லுக்கு நிற்காதே. ஆனால் பிள்ளை கையில் கரும்பு இருக்கட்டும். அவன் அப்பா கணுவை எப்படிக் கடித்து உரிப்பான் என்று சொல்லிக்கொண்டே கொடு. யாராவது வந்து கேட்டால், அவன் அப்பா வாங்கச் சொன்னான் என்று சொல்.