புலியைத் தேடாமல் ஒரு நாள் காட்டில் இருந்து பாருங்கள்

திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குப் போய் வந்த நண்பர்களில் பலர் ஏமாற்றத்தோடுதான் பேசுகிறார்கள். பாபநாசம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் காரையாறு வரை வண்டியில் போனோம், அணையைப் பார்த்தோம், வழியில் நான்கைந்து குரங்குகள் உட்கார்ந்திருந்தன, வேறொன்றும் கண்ணில் படவில்லை என்கிறார்கள். புலிகள் காப்பகம் என்று பெயர் வைத்துவிட்டு ஒரு புலியைக்கூடக் காட்டாமல் அனுப்புகிறார்களே என்று வருத்தப்படுபவர்களும் உண்டு. அந்தக் காட்டைப் பார்ப்பதற்கு வண்டி உதவாது, ஓரிடத்தில் நெடுநேரம் அசையாமல் இருப்பவருக்கே அது தன்னைக் காட்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

புலியை ஜீப்பிலிருந்து எளிதில் காண முடிகிற மத்திய இந்தியக் காடுகளில் திறந்த புல்வெளிகளும் பெரிய மான் கூட்டங்களும் உண்டு. நம் காட்டின் இயல்பு வேறு. தாமிரபரணிக்கும் சேர்வலாற்றுக்கும் இடையே கிடக்கும் முண்டந்துறைப் பீடபூமியில் புள்ளிமானும் மிளா என்னும் பெரிய மானும் மேய்கின்றன என்றாலும், அதற்கு மேலே ஏற ஏற இலையுதிர் மரங்கள் குறைந்து, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் வாங்கிக்கொள்ளும் பசுமைமாறாச் சோலைகள் தொடங்கிவிடுகின்றன. மாநிலத்திலேயே அதிக மழை பெய்த இடங்கள் என்று நாலுமுக்கு, ஊத்து ஆகிய பெயர்கள் செய்தியில் அடிக்கடி வருவதை நம் மாவட்டத்தார் அறிவார்கள். வெயில் தரையைத் தொடாத அத்தகைய சோலையில் புல் குறைவு. புல் குறைந்த இடத்தில் மான் குறைவு. மான் குறைந்த காட்டில் புலி மிகப் பெரிய பரப்பில் சுற்றித்தான் பிழைக்க முடியும். இலையும் பூவும் கனியும் மர உச்சிகளில் நிறைந்திருப்பதால் உயிர்களில் பெரும்பகுதியும் நம் தலைக்கு மேலேயே வாழ்கின்றன. ஓடும் வண்டியின் சன்னலிலிருந்து அவற்றைக் காண வழியே இல்லை.

இந்தக் காப்பகத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. முண்டந்துறை 1962இல் புலிகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் களக்காடு 1976இல் சரணாலயமானது சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்குக்காக. இவை இரண்டையும் இணைத்தே 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவாயிற்று. சோலைமந்தி, கருமந்தி, சாம்பல் மந்தி, நாட்டுக்குரங்கு, தேவாங்கு என ஐந்து வகைக் குரங்கினங்கள் ஒரே காப்பகத்தில் வாழ்வது எவ்வளவு அரிய செல்வம்! அதை விட்டுவிட்டுப் புலி தென்பட்டதா என்று மட்டும் கேட்பது இந்தக் காட்டுக்கு நாம் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

சென்ற பங்குனியில், காட்டு மரங்களை ஆய்வு செய்யும் நண்பர் ஒருவரோடு, வனத்துறையின் முன் அனுமதி பெற்றுச் செங்கல்தேரிக்குச் சென்றிருந்தேன். எங்களை அழைத்துச் சென்றவர் வேட்டைத் தடுப்புக் காவலராகப் பணியாற்றும், இந்த மலையின் பழங்குடியான காணிக்கார இனத்து அண்ணன் ஒருவர். காலையில் பனி விலகும் முன்பே ஒரு வெடிப்பலா மரத்தைச் சுட்டிக்காட்டி, இன்று முழுவதும் இங்கேயே இருந்தால் போதும், நாம் எதையும் தேடிப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நண்பரும் அதையே விரும்பினார்.

வெடிப்பலாவை அறியாதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில், குறிப்பாக நம் மலைகளின் நடு உயரத்தில், பெருமளவில் நிற்கும் உயர்ந்த மரம் இது. இதன் காய் உடலெங்கும் முள் கொண்டது. இதன் பூவுக்கு அல்லி இதழ்களே கிடையாது. சதைப்பற்றுள்ள குழாய் போன்ற பூக்கள் கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாக அடர்ந்து பூக்கின்றன. பழங்கள் அருகிவிடும் வறண்ட மாதங்களில் இந்தச் சதைப்பற்றுள்ள பூக்களே சோலையின் பல விலங்குகளுக்கு உணவு. பூவைத் தின்ன வரும் விலங்கின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும் மகரந்தம் அடுத்த மரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்றும், பூச்சிகளைவிடப் பாலூட்டிகளே இந்த மரத்தின் மகரந்தச் சேர்க்கைக்கு முக்கியமானவை என்றும் நம் மலையிலேயே நடந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டியிருப்பதாக நண்பர் மெல்லிய குரலில் விளக்கினார்.

அவர் சொன்னதைக் கண்ணால் காணும் பேறு அன்று எங்களுக்குக் கிடைத்தது. முதலில் ஒரு மலை அணில் வந்து, பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடியே பூக்களைக் கொறித்தது. அது போன பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. வண்டியில் வந்திருந்தால் அந்த இடைவெளியில் நாங்கள் கிளம்பிப் போயிருப்போம். வெயில் ஏறியபின் சோலைமந்திக் கூட்டம் ஒன்று உச்சிக் கிளைகள் வழியாகவே, தரையில் ஒருமுறைகூட இறங்காமல் வந்து சேர்ந்தது. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால் ஆகியவற்றைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவை எத்தனை கவனமாக வேலை செய்கின்றன என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். ஒன்று பூக்களைப் பறித்துத் தின்றது, ஒன்று காய்ந்த பட்டையை உரித்துப் பூச்சி தேடியது, குட்டியை வயிற்றில் சுமந்த தாய் ஒன்று கன்னப்பைகளை நிரப்பிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தது. பக்கத்து மரத்தில் கருமந்திகள் தளிர்களைத் தின்றுகொண்டிருந்தன. பிற்பகலில் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மிளா ஒன்று உரத்துக் கத்தியதும் கருமந்திகளின் எச்சரிக்கைக் குரல் எழுந்தது. அங்கே நடமாடியது சிறுத்தையா செந்நாயா என்று நாங்கள் அறியவில்லை. அறியாவிட்டாலும் வேட்டை விலங்கொன்று காட்டைக் கடப்பதைச் செவியால் பின்தொடர முடிந்தது எனக்குப் பேரனுபவமாக இருந்தது.

இதற்கு நேர்மாறான காட்சியைப் பாபநாசம் மலைச்சாலையில் காண்கிறோம். பாட்டை உரக்க வைத்துக்கொண்டு வரும் வண்டிகளிலிருந்து நாட்டுக்குரங்குகளுக்கு முறுக்கும் வாழைப்பழமும் எறிகிறார்கள். இரக்கத்தால்தான் செய்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எறியும் உணவுக்காகச் சாலையோரத்திலேயே தங்கிவிடும் குரங்கு வண்டியில் அடிபடுகிறது, மனிதர் கையிலிருந்து பிடுங்கக் கற்றுக்கொள்கிறது, காட்டில் பழம் தின்று விதை பரப்பும் தன் வேலையையும் குறைத்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்குக் குரங்கைக் காட்ட விரும்பும் பெற்றோர் தயவுசெய்து பொட்டலத்தைப் பிரிக்காமல் காட்டுங்கள். குரங்கு தானாக இலையைக் கிள்ளித் தின்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் வேறில்லை.

வனத்துறையிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வண்டியில் சுற்றிக்காட்டும் சுற்றுலாவை விரிவாக்குவதற்குப் பதிலாக, காப்பகத்தின் விளிம்பில் தேர்ந்த சில இடங்களில், நாளுக்கு மிகச் சிலரை மட்டும், அரை நாளேனும் ஓரிடத்தில் இருந்து பார்க்க அனுமதிக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற குடியிருப்புகளில் வாழும் காணி மக்களை அதற்கு வழிகாட்டிகளாக அமர்த்தி, கட்டணத்தில் பெரும்பங்கை அவர்களுக்கே ஊதியமாகத் தர வேண்டும். எந்த மரம் எந்த மாதத்தில் பூக்கும், அதற்கு எந்த விலங்கு வரும் என்பதை ஏட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். கோடையில் தீப்பயத்தால் காடு மூடப்படுவது சரியானதே. அந்த நாட்களில் எவரும் வற்புறுத்தக் கூடாது. மற்ற மாதங்களில் களக்காடு, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வட்டாரத்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதலிடம் தந்து, அவர்களிடம் கட்டணம் வாங்காமல் இதைத் தொடங்கலாம். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளரும் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஆறு பிறக்கும் சோலைக்குள் ஒரு முழுக் காலைப்பொழுது உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் கேட்டுப் பார்த்து, விடையோடு வனத்துறைக்கு ஒரு மனு எழுத வேண்டும். அந்த மனுவில் கையெழுத்திட நான் அணியமாக இருக்கிறேன்.