மெடிகேர் ஒப்பந்தத்துல மலேசியா இல்லீங்க

இங்கிலாந்துக்காரங்க ஆஸ்திரேலியா போய் உடம்பு முடியாம போனா அவசியமான வைத்தியம் அந்த நாட்டு அரசாங்க மருத்துவத் திட்டமான மெடிகேர்லயே பாத்துக்கலாம், ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்குன்னு உங்க கட்டுரையில போட்டிருக்கீங்க, சரிதான், ஆனா அந்த மாதிரி ஒப்பந்தம் இங்கிலாந்தோட சேர்த்து நியூசிலாந்து, அயர்லாந்து, இத்தாலின்னு மொத்தம் 11 நாட்டுக்குத்தான், மலேசியா அதுல கிடையாதுன்னு ஒரு வரி சேர்த்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

எங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவி பிள்ளைங்கள படிக்க வச்சவங்கதான் இப்போ மெல்பர்னுக்கு பேரப்பிள்ளைய பாக்கப் போறாங்க, பாதி பேருக்கு இனிப்புநீர் (சர்க்கரை வியாதி), ரத்தக்கொதிப்பு வேற. இங்க கவர்மெண்டு ஆஸ்பத்திரியில 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டர பாத்துப் பழகினவங்க, அங்க பில்லு எப்படி வரும்னு அவங்களுக்கு யாரு சொல்றது? பக்கத்து வீட்டு அத்தைக்கு போன இடத்துல நெஞ்சுவலி, ரெண்டு ராத்திரி வார்டுல வச்சாங்க, மகன் இன்னும் தவணையில கட்டிக்கிட்டு இருக்கான், பாவம். இங்கிலாந்துலயும் எமர்ஜென்சியில பாக்கறதுக்கு காசு இல்ல, வார்டுல சேர்த்துட்டா நம்மள மாதிரி வெளியாளுக்கு அந்த நாட்டு அரசாங்க மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் ரேட்டுல 150 சதவீதம்.

தயவுசெஞ்சு டிக்கெட் போடும்போதே இன்சூரன்ஸும் எடுத்துக் குடுங்க பிள்ளைங்களா, இருக்கற வியாதிய மறைக்காம பாரத்துல எழுதுங்க, மறைச்சது தெரிஞ்சா க்ளைம் குடுக்க மாட்டான். மருந்து சீட்டு அம்மா கைப்பையிலயே இருக்கட்டும், பெட்டியில போடாதீங்க.