கையாடலும் அபகரிப்பும் திருட்டின் மறுபெயர்களா?

“திருட்டு, கையாடல், அபகரிப்பு, பறிமுதல் எல்லாம் ஒரே குற்றத்தின் வெவ்வேறு பெயர்கள்தாம்” என்று எழுதுவது தவறு. புகார் எழுதப்போகும் ஒருவரை அது திசைதிருப்பிவிடும் என்பதால் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒருவர் வசமிருக்கும் அசையும் பொருளை அவர் இசைவின்றி நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்து நகர்த்துவதே திருட்டு. கையாடலில் பொருள் முதலில் முறையாகவே கைக்கு வருகிறது. திருவிழாவுக்காக ஊரார் கொடுத்த பணத்தைப் பொருளாளர் தம் வீட்டுக் கடனுக்குச் செலுத்திவிட்டால், அவர் யாருடைய பெட்டியையும் உடைக்கவில்லை. நம்பி ஒப்படைத்ததைத் தமதாக்கிக்கொண்டார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303ஆம் பிரிவும், இத்தகைய நம்பிக்கை மோசடிக்கு 316ஆம் பிரிவும் தனித்தனியே இருப்பது இதனால்தான்.

நிலத்தைச் சட்டப்படி திருட முடியாது, ஏனெனில் அது அசையாச் சொத்து. வரப்பில் நிற்கும் தென்னையும் மண்ணோடு ஒட்டியிருக்கும்வரை திருட்டுப் பொருளாகாது. உரிமையாளர் இசைவின்றி எடுத்துச் செல்லும் நோக்கத்தோடு அதை வெட்டிப் பிரித்த கணத்திலேயே திருட்டாகிவிடுகிறது. போலிப் பத்திரத்தாலோ மிரட்டலாலோ நிலத்தைக் கைப்பற்றுவதற்கு வழங்கும் சொல் அபகரிப்பு. தமிழ்நாட்டில் 2011இல் காவல்துறையில் தொடங்கப்பட்ட தனிப்பிரிவுகளுக்கும் நில அபகரிப்பு என்றே பெயரிட்டார்கள்.

பறிமுதலை இந்த வரிசையில் சேர்த்ததுதான் பெரிய பிழை. கடத்தல் மணல் லாரியை அதிகாரிகள் சட்டப்படி கைப்பற்றுவதே பறிமுதல். தனியாள் பிடுங்கிக்கொண்டால் அது பறிப்பு.